நெல் ஒரு கணக்கு, துறைமுகம் ஒரு கணக்கு

கீழ்வேளூர் வட்டாரத்து ஆனைமங்கலம், முதலாம் ராஜராஜன் காலத்தில் ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்த வரி 8,943 கலம் நெல்லும் சில்லறையும். அந்தச் சில்லறையையும் தூணி, குறுணி, நாழி என்று கடைசிவரை அளந்து செப்பேட்டில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 97 வேலி நிலம். வேலிக்குச் சுமார் 92 கலம். இந்த வருவாய் முழுவதையும் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஆம் ஆண்டையொட்டி, நாகப்பட்டினத்தில் எழுந்துகொண்டிருந்த ஒரு புத்த விகாரத்துக்கு விட்டுக்கொடுத்தான்.

விகாரத்தைக் கட்டத் தொடங்கியவன் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன்; கட்டி முடித்தவன் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். பெரிய கோயிலை எழுப்பிக்கொண்டிருந்த ஒரு சிவபக்தன், கடலுக்கு அப்பால் ஆண்ட அரசனின் பௌத்தப் பள்ளிக்கு ஏன் ஓர் ஊரின் நெல்லையே எழுதிவைத்தான்? பெருந்தன்மை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அதில் துறைமுகக் கணக்கும் தெரிகிறது. கடாரத்து வணிகர் நாகைக்கு வந்துபோக வேண்டும். வந்தவர்களுக்குத் தொழ ஓர் இடம் வேண்டும். அதற்கான செலவை வயல் ஏற்றது. லைடன் செப்பேடுகள் என்று இன்று நாம் அழைக்கும் அந்த ஏடுகளில் நெல்லும் கப்பலும் ஒரே வரவுசெலவாக நிற்கின்றன.

தஞ்சை நகரத்துக் கருவூலமும் இப்படித்தான் இயங்கியது. பெரிய கோயிலுக்கு வந்த காசு பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்கு ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு வட்டிக்குக் கடனாகப் போனது. பல ஊர்களிலிருந்து வட்டி நெல்லாகத் திரும்பிவந்தது.

முதலாம் குலோத்துங்கன் செய்ததுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது. 1077இல் சீனத்துக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழுவை அனுப்பியவன் அவன். அவனே சுங்கத்தை நீக்கி, ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். கடல்வணிகத்தின் அருமை தெரிந்த அரசன் சுங்கத்தை விட்டதற்கான காரணம் 1086இல் கிடைக்கிறது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் நிலத்தை மறுபடி அளக்கச் செய்தான். வயல் வரியைச் சரியாகக் கணக்கிட்டு வாங்கத் தெரிந்த அரசால்தான் துறையிலும் வழியிலும் வாங்கும் வரியைக் கைவிட முடியும். இரண்டும் ஒரே கையில் இருந்ததால் ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்க முடிந்தது.

பிறகு துறைமுகம் கை மாறியது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் நாகையைப் பிடித்தார்கள்; 1690 முதல் சோழமண்டலக் கரைக்கு அதுவே அவர்களின் தலைமையிடம். 1781இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1861இல் நாகைக்கும் தஞ்சைக்கும் இடையே ரயில் ஓடியது. டெல்டாவை நேராகக் கடலோடு கட்டிய பாதை அது. அரிசியும் போனது, மலாயாத் தோட்டங்களுக்கு மனிதர்களும் போனார்கள். நாகையில் இருந்த ரயில்வே பணிமனையை 1928இல் திருச்சி பொன்மலைக்கு மாற்றியபோது ஊரின் முதுகெலும்பு முறிந்தது. அந்த அடியிலிருந்து நாகை இன்றுவரை முழுதாக எழவில்லை என்பதே என் எண்ணம்.

இன்றைய நிலைக்கு வருவோம். தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சியானது. அதன் சொந்த வருவாய் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை என்ற வகையில்தான் வருகிறது. 2022இல் தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்ந்தபோது, 600 சதுர அடிக்குள் வீடு வைத்திருப்பவரும் 25 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று. சுற்றிலும் விளையும் குறுவையும் சம்பாவும் நேரடி கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்களாகி, தஞ்சை ரயில் நிலையத்திலிருந்து சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்குப் போகின்றன. லாரிகள் தேய்ப்பது நகரத்துச் சாலையை. சந்தைக் கட்டணமான ஒரு விழுக்காடு செஸ் சேர்வதோ விற்பனைக் குழுவுக்கு.

துறைமுகத்தின் கதையும் இதுவே. டெல்டாக் கரையில் இப்போது சரக்கு குவியும் இடம் காரைக்கால். 2009இல் தொடங்கிய தனியார் துறைமுகம், 2023இல் அதானி குழுமத்திடம் போனது. நிலக்கரி இறங்கி ரயிலேறுகிறது. நாகைக்கு வெகு அருகில் இருந்தாலும் அது புதுச்சேரி எல்லை. சுங்க வரி எங்கே வசூலானாலும் டெல்லிக்குப் போகும். அங்கிருந்து நிதிக்குழுவின் பங்கீட்டில் சென்னைக்கு வரும். மாநிலத்தின் சொந்த வரியில் பத்தில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. அதைப் பிரிக்கும்போது பெரிய எடை மக்கள்தொகைக்கு. கப்பல் வரும் ஊர் என்பதற்காக நாகை நகராட்சிக்கு அதில் தனிப் பங்கு இல்லை.

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டபோது டெல்டாவே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். கப்பல் வருமுன் கடுவையாற்று முகத்துவாரத்தைத் தூர்வாரி ஆழப்படுத்த வேண்டியிருந்தது. ஆறு வண்டலைக் கொண்டுவந்துகொண்டேதான் இருக்கும். தூர்வாரும் செலவும் ஓயாது. பயணிகள் பெருகினால் குடிநீர், கழிப்பறை, குப்பை, சாலை அத்தனையும் நகராட்சியின் தலையில்தான் விழும்.

ஆகவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். தமிழ்நாட்டின் சிறு துறைமுகங்களில் இறங்கும் ஒவ்வொரு டன் சரக்குக்கும், ஏறும் ஒவ்வொரு பயணிக்கும் கடல்சார் வாரியம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தந்த ஊரின் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ நேரடியாகப் போகவேண்டும். நெல்லின் செஸ்ஸிலும் சாலைக்கென ஒரு பங்கு தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் வேண்டும். காரைக்கால் சரக்கு கடந்துபோகும் தமிழக ஊர்களுக்காகப் புதுச்சேரியோடு ஓர் உடன்பாட்டைச் சென்னை பேசித்தான் பெறவேண்டும். அடுத்த மாநில நிதி ஆணையம் கூடும்போது, துறைமுகம் உள்ள ஊர் என்பதற்கு ஒரு தனி எடை வேண்டும் என்ற மனுவை நாகை நகராட்சி இப்போதே எழுதத் தொடங்கலாம்.