தோள் வலிக்குத் தைலம் கேட்டவர்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அப்போதுதான் எங்கள் பொள்ளாச்சி போட்டோகிராபர்களுக்கு உடம்பு ஞாபகம் வரும். "இந்த வருஷம் ஒரு முகூர்த்தம்கூட விடலீங்க!" என்று பெருமையோடு வந்தார் ஒருவர். இடது தோளில் வலி. கேமரா பை தூக்கியதால்தான் என்று அவரே முடிவுகட்டி, தைலம் கேட்டார்.

விசாரித்தேன். மண்டபத்து மாடிப்படி ஏறினால் வலி வருகிறதாம், நின்றால் விடுகிறதாம். தைலம் தரவில்லை, இதய டாக்டரிடம் அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். சும்மா படுத்திருந்தபோது எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. நடக்கவிட்டு எடுத்ததில்தான் தெரிந்தது. ரத்தக்குழாயில் அடைப்பு!

நீங்களும் கவனியுங்கள். தசை வலி, கையைத் தூக்கினால், அழுத்தினால் கூடும். நடந்தால் வந்து நின்றால் குறைவது வேறு. சும்மா இருக்கும்போதே நெஞ்சு அழுத்தி வியர்த்தால், தைலம் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.