தேனில் நிவாரணம் உண்டு, ஆனால்...

சத்தியமங்கலம் மலைக்காடுகளில் ஊராளி, இருளர் மக்கள் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் மலைத்தேனுக்குக் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்து இல்லங்களில் தனி மதிப்பு உண்டு. வாய்ப்புண்ணுக்குத் தேன் தடவுவது நம் பாட்டிமார் அறிந்த கைமருந்து.

திருமறையின் 16ஆவது அத்தியாயத்திற்கு ‘அந்நஹ்ல்’, அதாவது தேனீ என்றே பெயர். அதன் 69ஆவது வசனம், தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பல நிறப் பானத்தில் மனிதர்க்கு ‘ஷிபா’ இருப்பதாக அறிவிக்கிறது. இங்கு நுட்பமொன்று உண்டு. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று வசனம் கூறவில்லை. அதில் நிவாரணம் உண்டு என்றே கூறுகிறது. இந்த வேறுபாட்டை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தமது விரிவுரையில் சுட்டிக் காட்டியுள்ளார்கள்.

அந்த நிவாரணம் எவ்வாறு செயற்படுகிறது? தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. நீர் மிகக் குறைவு. ஆகவே கிருமியின் உடலிலுள்ள நீரைத் தேன் உறிஞ்சிவிடுகிறது. தேனின் புளிப்புத் தன்மையும் கிருமிகளுக்கு ஒவ்வாது. மேலும், தேனீ சேர்க்கும் ஒரு நொதி, தேன் நீரோடு கலக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக உண்டாக்குகிறது. 1937இல் ‘இன்ஹிபின்’ எனப் பெயரிடப்பட்ட கிருமித்தடுப்பு ஆற்றல் இதுவே என்பது 1963இல் தெளிவாயிற்று. தேனைக் கொதிக்க வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

மலேசியாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 40 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. தேன் பயன்படுத்தாதோரில் 75 சதவீதத்தினருக்குக் கடும் வாய்ப்புண் கண்டது. பயன்படுத்தியோரில் 20 சதவீதத்தினருக்கே கண்டது. சிறிய ஆய்வுதான், எனினும் சிந்திக்கத்தக்கது.

ஆயினும், தேன் பல் துலக்குதலுக்கு மாற்றாகாது. கிருமியைத் தடுக்கும் அதே புளிப்பும் சர்க்கரையும் பல்லில் நெடுநேரம் ஒட்டியிருந்தால், பல்லின் மேற்பூச்சை அரிக்கும். எனவே தேன் அருந்தியபின் வாய் கொப்பளியுங்கள். இரவில் தேனைச் சுவைத்தபடி உறங்காதீர்கள். தேனை விரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மிஸ்வாக்கை ஒருபோதும் கைவிட்டதில்லை. தம் இறுதி வேளையிலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மென்று மிருதுவாக்கித் தந்த குச்சியால் பல் துலக்கினார்கள். தேன் மருந்து, துலக்குதலே தூய்மை.

இனி, தாய்மார்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய செய்தி. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம் நம்மிடையே உண்டு. சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பாரும் உண்டு. சில தேனில் ‘கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம்’ என்னும் கிருமியின் வித்து ஒளிந்திருக்கும். அது பெரியவர்களின் குடலில் பொதுவாக முளைப்பதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சைக் கக்கும். மலச்சிக்கல், தளர்ந்த அழுகை, பால் உறிஞ்ச இயலாமை, கைகால் துவளல் ஆகியன அதன் அடையாளங்கள். இந்நோய் அரிது, ஆயினும் மூச்சையே நிறுத்தவல்லது. சுத்தமான மலைத்தேன் என்பது இதற்குக் காப்பாகாது. கொதிக்க வைத்தாலும் அவ்வித்து சாகாது.

‘தஹ்னீக்’ சுன்னத்தாயிற்றே என்பீர்கள். ஹதீஸ்களில் நாம் காண்பது பேரீச்சம்பழம். அது கிடையாதபோது வேறு இனிப்பைத் தொடலாம் என அறிஞர்கள் கூறியது அனுமதியே தவிரக் கட்டளையன்று. நன்மையைத் தேடுவதினும் தீங்கைத் தடுப்பதே முந்தியது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதி. எனவே ஓராண்டு நிறையும்வரை குழந்தையின் வாயில் ஒரு துளித் தேனும் வேண்டாம். அதற்குரிய முதல் உணவு தாய்ப்பாலே. இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைத் திருமறையே எடுத்துரைக்கிறது.

இறைவன் அருளிய மருந்தை, அளவறிந்து, வயதறிந்து பயன்படுத்துவதும் அவனுக்குச் செலுத்தும் நன்றியேயாகும். அந்த அறிவையும் நலத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.