கையை நீளமாக்கும் குச்சி!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு, தெரியுமா குட்டீஸ்? 1863, மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேய நிலவியல் அறிஞர் அங்கே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சாதாரணக் கல் அல்ல, மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததைக் காட்டிய முதல் கருவி அதுதான். ஃபுட் சேகரித்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கைக்கோடரிக்குக் காம்பு கிடையாது. கைக்குள் பிடித்து இறைச்சி வெட்டலாம். சீறி வரும் காட்டெருமையிடம் அதை வைத்துக்கொண்டு நெருங்க முடியுமா? எட்ட நின்றால்தான் உயிர் தப்பும்! அதற்கு ஈட்டி வந்தது. அதை இன்னும் தூரம் எறிய, வெகுகாலம் கழித்து வேறு நாடுகளில் ஒரு குச்சி வந்தது. பிரான்சில் 17 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய, மான் கொம்பில் செய்த எறிகோல் கிடைத்திருக்கிறது. மெக்சிகோவில் இதன் பெயர் அட்லாட்டில்; ஆஸ்திரேலியாவில் வூமரா.

கோலின் ஒரு முனை கையில். மறுமுனைக் கொக்கியில் ஈட்டியின் வால். வீசினால் கை ஒரு முழம் நீண்டது போல! நீண்ட கையின் நுனி வேகமாகச் சுழலும். அந்த வேகம் ஈட்டிக்குப் போகும். இந்த ஈட்டி ஆள் உயரம் இருக்கும், மெல்லியதாக வளையும். பின்னாலிருந்து தள்ளும்போது வளைந்து நிமிர்ந்தால்தான் நேராகப் பாயும். விறைப்பான கம்பு திசை மாறிவிடும்.

நாமும் செய்வோமா? கூர்முனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

செய்தித்தாள் ஒன்றைப் பென்சில் மேல் வைத்து நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டி ஒட்டுங்கள். பென்சிலை உருவிவிடுங்கள். முன்முனையில் பழந்துணியை நெல்லிக்காய் அளவு சுற்றிக் கட்டுங்கள். வாலில் இரண்டு காகிதச் சிறகு ஒட்டுங்கள். வால் துளை மட்டும் திறந்தே இருக்கட்டும். மர ஸ்கேலின் நுனியில், முனை மழுங்கிய துண்டுப் பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பென்சில் முனை உங்கள் கைப்பக்கம் பார்க்கவேண்டும். அதில் ஈட்டியின் துளையைச் செருகி, விரலால் லேசாகப் பிடித்து வீசுங்கள்.

மொட்டை மாடி வேண்டாம், கீழே ஆள் நடமாடுவார்கள். மைதானத்தில், எதிரே யாரும் இல்லாதபோது மட்டும்! முதலில் வெறுங்கையால் எறிந்து காலடியால் அளங்கள். பிறகு ஸ்கேலால். ஈட்டி குட்டிக்கரணம் போட்டால் முன்முனையில் இன்னும் கொஞ்சம் துணி சுற்றுங்கள்.