சுவருக்குள் ஒரு திருடன்

கீழ் வீட்டுச் சமையல் அறை. கூரையில் ஓர் ஈரத் திட்டு. முதல் வாரம் அது உள்ளங்கை அளவு இருந்தது. அடுத்த வாரம் தாம்பாளம் அளவு ஆகிவிட்டது. ஒரு நாள் காலை, கொதிக்கிற சாம்பாருக்குள் 'சொட்' என்று ஒரு துளி விழுந்தது!

கீழ் வீட்டு அம்மாள் படி ஏறி மாடிக்குப் போனார்.

"அக்கா! உங்கள் குளியல் அறைத் தண்ணீர் எங்கள் அடுப்பில் விழுகிறது."

"என்னம்மா இது! எங்கள் வீட்டில் ஒரு குழாய்கூட ஒழுகவில்லையே. நீயே வந்து பார்."

வந்து பார்த்தார். உண்மைதான். தரை உலர்ந்து கிடந்தது. குழாய்கள் இறுக மூடி இருந்தன.

அன்று தொடங்கியது சண்டை. சென்னையில் மாடியும் கீழுமாகக் குடும்பங்கள் வாழும் தெருக்களில் அடிக்கடி கேட்கிற சண்டைதான் இது. இருவருமே பொய் சொல்லவில்லை. திருடன் இருவர் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறான். சுவருக்குள்ளே, தரைக்குள்ளே ஒளிந்திருக்கிறான்.

ஈரம் ஓர் இடம், ஓட்டை ஓர் இடம்

ஈரம் தெரிகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருப்பது குறைவு. தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும். குழாயின் முதுகில் ஊர்ந்து போகும். கான்கிரீட்டில் எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கேதான் கீழே இறங்கும். அதனால் ஓட்டை ஒரு மூலையில் இருக்க, ஈரம் பத்தடி தள்ளித் தெரியலாம்.

"உடைத்துப் பார்த்துவிடலாம்" என்று உளியும் சுத்தியலுமாக வருகிற மேஸ்திரியை மூன்று நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று நாளும் திட்டைக் கவனியுங்கள். எப்போது ஈரம் கூடுகிறது? ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

இரவும் பகலும் ஒரே மாதிரி நனைந்திருந்தால், தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்கலாம். அதில்தான் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. மேலே குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால், கழிவு நீர்க் குழாயோ குளியல் அறைத் தரையோ காரணம். மழை பெய்த மறுநாள் மட்டும் ஈரம் கூடினால், மாடி வீட்டாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மொட்டை மாடிக்குப் போங்கள்.

இரும்புக் குழாய் பழையதானால் அதன் துத்தநாகப் பூச்சு கரைந்து, துரு அரித்துவிடும். பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது. ஆனால் சரியாக ஒட்டாத இணைப்பு ஒரு நாள் வாயைத் திறக்கும். சில வீடுகளில் குற்றவாளி யார் தெரியுமா? காலண்டர் மாட்ட அடித்த ஆணி! சுவருக்குள் குழாய் போவது தெரியாமல் அடித்தது. ஆணி இருக்கும்வரை ஒழுக்கு தெரியாது. அது துருப்பிடித்த பிறகு தெரியும்.

இரவில் வைக்கும் குறி

மேல் தொட்டித் தண்ணீர் களவு போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு குச்சி போதும்.

இரவு எல்லோரும் படுக்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். தொட்டிக்குள் குச்சியை அடி வரை செங்குத்தாக விட்டு எடுங்கள். நனைந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். கோடு இறங்கவில்லை என்றால், மேல் தொட்டியிலும் அதிலிருந்து வரும் குழாயிலும் குறை இல்லை.

இறங்கி இருந்தால்? மறுநாள் இரவு, தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போதும் இறங்கினால், ஓட்டை தொட்டியிலோ வால்வுக்கு முன்னால் உள்ள துண்டுக் குழாயிலோ இருக்கிறது. இறங்காவிட்டால், வீட்டுக் குழாயில் இருக்கிறது. இரண்டு இரவு, ஒரு குச்சி. செலவு ஒரு காசு இல்லை.

கீழே மண்ணில் புதைந்த சம்புத் தொட்டிக்கும் இந்தக் குச்சியே போதும். தொட்டியின் நீளம் 6 அடி, அகலம் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலம் இறங்கினால் சுமார் 70 லிட்டர் மண்ணுக்குள் போயிற்று என்று பொருள்!

சம்பில் இன்னொரு விந்தையும் நடக்கும். மழைக்காலத்தில் யாரும் தண்ணீர் விடாமலே தொட்டி நிறையும். 'கடவுள் கொடுத்தார்' என்று மகிழக் கூடாது. தொட்டிச் சுவரில் விரிசல் இருக்கிறது. நிலத்தடி நீர் உயர்ந்து உள்ளே வந்துவிட்டது. அது எந்த வீட்டுக் கழிவுத் தொட்டியைத் தொட்டுக்கொண்டு வந்ததோ, யாருக்குத் தெரியும்?

கழிவறையில் தண்ணீர் அடிக்கும் சிறு தொட்டியும் ஒரு மௌனத் திருடன்தான். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளை அதில் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் தண்ணீர் அடிக்க வேண்டாம். பீங்கானில் நீலம் தெரிந்தால், அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது.

கோலை வைத்துக் கேட்பவர்கள்

மண்ணுக்கடியில் போகும் குழாயில் ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிநாட்டு நகரங்களில் தண்ணீர் இலாகா ஊழியர்கள் நெடுங்காலமாக ஒரு கோல் வைத்திருக்கிறார்கள். ஒரு முனையைக் குழாயின் வால்வில் வைப்பார்கள். மறு முனையைக் காதில் வைப்பார்கள். தெரு அடங்கிய இரவு வேளையில், ஓட்டை வழியே பீறிடும் தண்ணீரின் 'உஸ்' என்ற ஓசை கோல் வழியே கேட்கும். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பது போலத்தான். இப்போது மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் அவை செய்வது அதே காரியம்தான்: ஒலி கேட்பது.

வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். நீண்ட திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வையுங்கள். எல்லாக் குழாயும் மூடி இருக்கும்போது ஓசை கேட்டால், தண்ணீர் எங்கோ ஓடுகிறது. ஓசை எங்கே பலமாக இருக்கிறதோ, அங்கே நெருங்கிவிட்டீர்கள்.

சொட்டுக் கணக்கு

'ஒரு சொட்டுத்தானே!' என்பார் சிலர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். 10 லிட்டர் வாளியைப் பத்து நிமிடத்தில் நிரப்புகிற மெல்லிய ஒழுக்கு என்றால், ஒரு நாளைக்கு 1,440 லிட்டர்!

2019-ம் ஆண்டு கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. குடங்கள் தெருவில் வரிசை நின்றன. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர். ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்கும் அளவுக்கு அன்று தண்ணீர் அருமையாக இருந்தது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகும் வீடுகள் 1,740 இருந்தால் போதும். அந்த ரயில் தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் மண் குடித்துவிடும்.

வெளியே போகும் வழி, உள்ளே வரும் வழி

பணமும் தண்ணீரும் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு.

நாள் முழுவதும் வராமல், சில மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வரும் ஊர்கள் நம் நாட்டில் ஏராளம். தண்ணீர் வரும்போது ஓட்டை வழியே வெளியே பீறிடும். நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். சுற்றிலும் உள்ள சேறும் சாக்கடையும் அதே ஓட்டை வழியே உள்ளே நுழையும். அடுத்த முறை வரும் முதல் குடம் தண்ணீரில் அது கலந்து வருகிறது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படி வரலாம். குழாயைத் திறந்ததும் முதலில் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் பிடிக்காதீர்கள். உடனே தண்ணீர் அலுவலகத்தில் சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

1854-ல் லண்டனில் பிராட் தெருவில் காலரா பரவி 600-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தெருக் கிணற்றுத் தண்ணீர்தான் எமன் என்று டாக்டர் ஜான் ஸ்னோ சொன்னார். மறு ஆண்டு தோண்டிப் பார்த்தார்கள். கிணற்றுக்கு மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுக் குழி. அதன் செங்கல் சுவர் சிதைந்து, கழிவு மண்ணில் கசிந்திருந்தது. அந்த வீட்டில் நோயுற்று இறந்த கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்றி இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு!

இரண்டு எச்சரிக்கைகள். ஈரச் சுவரில் மின்சார சுவிட்சு இருந்தால் தொடாதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அந்த மெயின் பலகையே நனைந்திருந்தால் அதையும் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். விரிசலைப் பார்க்கிறேன் என்று, மூடிக் கிடந்த சம்புத் தொட்டிக்குள் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே மூச்சு விடக் காற்று இல்லாமல் போயிருக்கும். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டு போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

குற்றவாளி பிடிபட்டான்

அந்த இரு வீட்டுக்கும் வருவோம். மூன்று நாள் குறித்து வைத்ததில், குளித்து ஒரு மணி நேரம் கழித்தே ஈரம் கூடுவது தெரிந்தது. தண்ணீர் வரும் குழாய் குற்றவாளி அல்ல.

பிளம்பர் வந்தார். உடைக்கவில்லை. குளியல் அறையில் தண்ணீர் இறங்கும் வாயைத் துணியால் இறுக அடைத்தார். தரையில் ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தி, நீலம் கலந்தார். அன்று முழுவதும் மாடி வீட்டார் கீழே வந்து குளித்தார்கள்! மறுநாள் காலை வரை கீழே ஈரம் கூடவில்லை. தரை நல்ல தரை. பிறகு துணியை எடுத்தார். நீலத் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. சிறிது நேரத்தில் கீழ் வீட்டுக் கூரையில் ஒரு நீலத் துளி எட்டிப் பார்த்தது.

வாயும் குழாயும் சேரும் இடத்தில் சிமெண்டுப் பூச்சு விட்டுப் போயிருந்தது. நான்கு டைல்ஸ் மட்டும் பெயர்த்தார்கள். அறை முழுவதும் உடைக்கவில்லை.

வேலை முடிந்து ஒரு வாரம் ஆயிற்று. கூரை இன்னும் காயவில்லை. கீழ் வீட்டு அம்மாள் மறுபடி படி ஏறினார்.

"அக்கா, இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது."

"தரைக்கு அடியில் செங்கல் ஜல்லி நிரப்பி இருக்கிறார்களாம். அது குடித்த தண்ணீர் வற்றச் சில வாரம் ஆகும் என்று பிளம்பர் சொன்னார். அதுவரை சுண்ணாம்பு அடிக்க வேண்டாமாம்."

கீழ் வீட்டு அம்மாள் ஒரு பென்சிலை எடுத்து வந்து, ஸ்டூலில் ஏறி, திட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டார். பத்து நாளில் ஈரம் அந்தக் கோட்டை விட்டு நாலு விரல் உள்ளே போயிருந்தது.