மேட்டில் கார் கிளம்பும்போது ‘கிர்ர்ர்’ சத்தமா? எது சாதாரணம்... எது ஆபத்து?

கோடை விடுமுறை வந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பஸ் திணறி நின்றால், பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் மேட்டிலேயே நிற்க வேண்டியதுதான். பஸ் நகர்ந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அந்த நொடியில் சக்கரத்தின் பக்கமிருந்து ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். பின் சீட்டில் இருக்கும் குழந்தைகூட எட்டிப் பார்க்கும்.

சமவெளியில் ஒருநாளும் கேட்காத சத்தம் மலையில் மட்டும் ஏன் கேட்கிறது? தொடர்ந்து போகலாமா, ஓரம்கட்ட வேண்டுமா? சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு, அது எந்த நொடியில் வருகிறது என்பதையும் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மேட்டில் மட்டும் ஏன்?

சமதளத்தில் பிரேக்கை விட்டாலும் கார் உடனே நகராது. பிரேக் முழுவதும் விடுபட்ட பிறகுதான் இன்ஜின் காரை இழுக்கும். மேட்டில் கதை வேறு. 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில், ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கும் காரைப் புவியீர்ப்பு விசை சுமார் 120 கிலோ அளவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து பின்னால் தொங்குவது போல!

நீங்கள் பிரேக்கைத் தளர்த்தும்போது, பிரேக் பேடு டிஸ்க்கை இன்னும் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் சரிவு காரை இழுக்க ஆரம்பித்துவிடும். பேடு ஒரு கணம் ஒட்டும், ஒரு கணம் வழுக்கும், மறுபடி ஒட்டும். ஒரு விநாடிக்குள் பல முறை நடக்கும் இந்த ‘ஒட்டி வழுக்குதல்’தான் ‘கிர்ர்ர்’ என்று கேட்கிறது. எண்ணெய் இல்லாத கதவு முனகுவதும், வயலின் கம்பியில் வில் உரசி இசை எழுவதும் இதே தத்துவம்தான்.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

‘கிர்ர்ர்’ முனகல்: பிரேக்கை மெதுவாக விடும்போது மட்டும் வந்து, கார் நகர்ந்ததும் நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. மழையில் நனைந்த காலையிலும், பனி விழும் மலை ஊர்களிலும் இது அதிகம் கேட்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் ‘டி’ கியரில் போட்டுப் பிரேக்கைப் பாதி அழுத்தியபடி ஊர்ந்து போகும்போதும் வரும். கார் சற்று ஓடி, நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் குறைந்துவிடும்.

ஒரே ஒரு ‘டக்’: கேலிப்பருக்குள் பேடுகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. மேட்டில் நிற்கும்போது காரின் எடை பேடுகளைப் பின்பக்கம் தள்ளியிருக்கும். முன்னால் கிளம்பியதும் அவை இடம் மாறும்போது ‘டக்’ என்று ஒரு முறை கேட்கலாம். சத்தம் பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் கேலிப்பர் போல்ட், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலை நேர ‘டப்’: நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க் பிரேக்கும் பின்னால் டிரம் பிரேக்கும்தான். இரவு மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் முதல்முறை கிளம்பும்போது ‘டப்’ என்று விடுபடும். ஒரு முறையோடு முடிந்தால் சரி.

ஹில் ஹோல்டு: இந்த வசதி உள்ள கார்களில், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் சுமார் 2 விநாடிகளுக்குப் பிரேக் பிடித்திருக்கும். அது விடுபடும்போது சின்ன ‘க்ளிக்’ சத்தமோ, முனகலோ வருவது இயல்பு.

ஆட்டோமேட்டிக் காரில் ‘டமார்’: சரிவில் நிறுத்திவிட்டு நேராக ‘பி’ போட்டால், காரின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிறிய கொக்கியில் தொங்கும். மறுபடி ‘பி’யிலிருந்து எடுக்கும்போது ‘டமார்’ என்று கேட்பது அதனால்தான். கால் பிரேக்கை அழுத்தியபடியே நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கைத் தளர்த்தி, எடை ஹேண்ட் பிரேக்கில் இறங்கிய பிறகு ‘பி’ போடுங்கள். சத்தமும் போகும், கொக்கியும் பிழைக்கும்.

உடனே கவனிக்க வேண்டிய சத்தங்கள்

‘கீச்ச்’ என்ற மெல்லிய கூச்சல்: பல கார்களின் பிரேக் பேடில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசி ‘என்னை மாற்று’ என்று கூப்பிடும். புதுப் பேடின் கனம் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

‘கரகர’ இரும்பு உரசல்: பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வந்தால், பேடு முழுவதும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். அதோடு மலை இறங்கக் கூடாது. பிரேக் பிடிக்காதபோதும் உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் மாட்டியிருக்கலாம். அதை எடுத்துவிட்டால் போதும்.

உரசலோடு கருகல் நாற்றம்: ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கவில்லையா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்து, ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால் கேலிப்பர் இறுகிப் போயிருக்கலாம். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். பக்கத்தில் போனாலே சூடு தெரியும்.

பிரேக்கா, கிளட்ச்சா?

மேட்டில் கிளம்பும்போது வரும் எல்லாச் சத்தமும் பிரேக் சத்தம் அல்ல. கார் முழுவதும் நடுங்கிக்கொண்டே கிளம்பினால் கிளட்ச் அல்லது இன்ஜின் மவுன்ட் மீது சந்தேகம் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு.

ஆள் நடமாட்டமும் வண்டிகளும் இல்லாத லேசான சரிவில், காரின் முன்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அணைத்தால் பிரேக் கல்லாகிவிடும். நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். கார் தானாக நகரும். இப்போதும் அதே சத்தம் வந்தால் பிரேக்தான் காரணம். ஏனென்றால், இன்ஜினும் கிளட்சும் இப்போது காரை இழுக்கவே இல்லை. சத்தம் வராமல், கியர் போட்டுக் கிளம்பும்போது மட்டும் வந்தால் கிளட்ச் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தச் சக்கரம் என்று தெரியவில்லையா? ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஒரு காம்பவுண்டு சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் அதை மொபைலில் பதிவு செய்துகொள்ளட்டும். ஒர்க் ஷாப்பின் சமதளத்தில் இந்தச் சத்தம் பெரும்பாலும் வராது. ‘ஒண்ணும் இல்லையே சார்’ என்று வண்டி திரும்பி வருவது இதனால்தான். பதிவோடு, காலையில் மட்டுமா, சூடானதும் வருமா, ரிவர்ஸிலும் வருமா என்பதையும் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்தது.

செய்யவே கூடாதவை

சத்தம் வருகிறதே என்று டிஸ்க்கிலோ பேடிலோ எண்ணெய் விடாதீர்கள். சத்தம் நிற்கும், காரும் நிற்காது! பேடின் பின்புறத்திலும் பின்களிலும் மட்டும் அதற்கென்றே இருக்கும் கிரீஸை மெக்கானிக் தடவுவார். அதேபோல, கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளலாம், விரிசலும் விடலாம். ஓரமாக நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள்.

இறங்கும் முன் ஒரு நிமிடம்

மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. அசல் பரீட்சை இறங்கும்போதுதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கார் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறது. 1,200 கிலோ காரில் இதனால் வெளிப்படும் ஆற்றல், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஓடவிடுவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக்கின் தலையில்!

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால், மிதிக்க மிதிக்கப் பெடல் உள்ளே போகும், கார் நிற்காது. அதனால்தான் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

மலை உச்சியிலிருந்து கிளம்பும் முன் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை 30 விநாடிகள் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் நல்லது. மெல்ல மெல்ல உள்ளே இறங்கினாலோ, டேஷ்போர்டில் சிவப்புப் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, இரும்பு உரசல் கேட்டாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலை ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கும் செலவோடு போகட்டும். குடும்பம் பத்திரமாக வீடு வந்து சேரும்.