மென்பொருளின் சாமான் பட்டியல்

போன நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை கொலன்னாவையில் எங்கள் கடைக் கணினி நின்றுபோனது. பெட்டி பழுதென்றால் புதிதாக வாங்கலாம், வாங்கினோம். ஆனால் பில் போடும் மென்பொருள் புதிய பெட்டியில் எழும்பவில்லை. அதைச் செய்து தந்தவர் வெளிநாடு போய் வருடங்களாகிவிட்டன. அவர் தந்த மூல நிரல் மட்டும் என் லாச்சியில் பத்திரமாக இருந்தது. பார்க்க வந்த தம்பி உதட்டைப் பிதுக்கினார். "நானா, நிரல் எல்லாம் இருக்கு. ஆனா இது பாவிக்கிற மற்றப் பாகங்கள் என்ன, எந்தப் பதிப்பு என்று ஒரு இடத்திலயும் எழுதி இல்ல." வருடத்தின் நல்ல வியாபார நாட்களில் இரண்டு நாள் கையால் பில் எழுதினோம்.

அந்தத் தம்பியிடம் கேட்டு அறிந்ததையும் பிறகு தேடி வாசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். எந்த மென்பொருளும் முழுக்க ஒருவர் கையால் எழுதப்படுவதில்லை. பெரும்பகுதி, மற்றவர்கள் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பாகங்கள். இவற்றையெல்லாம் நிரலோடு சேர்த்து ஓடக்கூடிய சரக்காக்கும் வேலையை 'பில்ட்' என்கிறார்கள். கலியாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சில சமையல்காரர் சாமான் எல்லாவற்றையும் தன் பெட்டியிலேயே கொண்டுவருவார். சிலர் பட்டியல் எழுதித் தருவார். நாம் புறக்கோட்டைக்கு ஆள் அனுப்புவோம். இரண்டிலும் சோறு ஒன்றுதான். பட்டியல்காரர் "அரிசி" என்று மட்டும் எழுதி, எந்த அரிசி என்று எழுதாவிட்டால்தான் பிரச்சினை.

இந்த விடயத்தில் நமது கொழும்புக்கே ஒரு வரலாறு உண்டு. 2003இல் கலாநிதி சஞ்சீவ வீரவர்ண லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். 2004 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய ஒரு மாநாட்டில்தான் 'அப்பாச்சி எக்சிஸ்2' என்ற திறந்த மூலத் திட்டம் பிறந்தது. ஒரு கம்பனியின் கணினி இன்னொரு கம்பனியின் கணினியோடு பேசுவதற்கான மென்பொருள் அது. முதற் பதிப்பு 2006 மே மாதம் வந்தது. எழுதியவர்களில் பெருந்தொகையானோர் நம் நாட்டு இளைஞர்.

இதற்கு முந்திய எக்சிஸ், 'ஆன்ட்' என்ற கருவியால் கட்டப்பட்டது. அது பெட்டியோடு வரும் சமையல்காரர் மாதிரி. எக்சிஸ்2 'மேவன்' என்ற பட்டியல்காரருக்கு மாறியது. முதலில் மேவன் 1. 2005 ஒக்டோபரில் மேவன் 2 வந்தபோது பழைய பட்டியலின் வடிவமே செல்லாமற் போனது. கோப்பின் பெயர், சாமான் வைக்கும் களஞ்சியத்தின் ஒழுங்கு, எல்லாம் வேறு. எக்சிஸ்2 பிறகு அதற்கும் மாறியது. கடையை மூடாமலே கடையை இடம் மாற்றுவது மாதிரியான வேலை இது. பழைய பட்டியலும் புதிய பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது ஒன்றில் திருத்தியதை மற்றதில் மறந்தால், ஒருவர் கணினியில் கட்டுப்படுவது அடுத்தவர் கணினியில் உடையும். திட்டத்துக்குள்ளேயே இருந்த 'ஆக்ஸியம்' என்ற பாகம் வளர்ந்து தனித் திட்டமாகவும் பிரிந்தது. வீட்டுக்குள் இருந்த தம்பி தனிக்கடை போட்ட கதைதான். அதற்குப் பிறகு எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுதித்தான் சாமான் எடுக்க வேண்டும்.

மேவன் 2 கொடுத்த பெரிய வசதி, சாமானுக்குத் தேவையான சாமானைத் தானே இறக்கும். நீங்கள் பத்து எழுதினால் ஐம்பது வரலாம். அந்த ஐம்பதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. 2021 டிசம்பரில் 'லொக்4ஜே' என்ற சிறு பாகத்தில் பெரிய ஓட்டை தெரிய வந்தபோது, உலகின் பெரிய கம்பனிகளே தங்கள் சரக்கில் அது இருக்கிறதா இல்லையா என்று தேடி அலைந்தன. அவர்கள் அதை நேரடியாக வாங்கியிருக்கவில்லை, வாங்கியவரிடம் வாங்கியிருந்தார்கள்.

2024இல் நடந்தது இன்னும் மோசம். 'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் இலவசப் பாகம். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, திட்டத்தின் சாவியையே கையில் வாங்கிக்கொண்டார். பிறகு திருட்டு வாசல் வைத்தார். வைத்த இடத்தைப் பாருங்கள். எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில், அதைத் திறக்கும் வரி இல்லை. பொதி கட்டி வெளியிட்ட சரக்கின் பில்ட் கட்டளையில் மட்டும் இருந்தது. கடை முன்னால் மாதிரி ஒன்று, மூட்டைக்குள் வேறொன்று! அன்ட்ரெஸ் பிரோயின்ட் என்ற பொறியியலாளர், தன் கணினியில் உள்நுழைய அரை வினாடி தாமதமாகிறதே என்று குடைந்துபோய், 2024 மார்ச் 29இல் அதை அம்பலப்படுத்தினார். அரை வினாடி. நாங்களாக இருந்தால் லைன் ஸ்லோ என்று விட்டிருப்போம்.

இலவசம் என்றால் தரமில்லை என்று சொல்ல வரவில்லை. சஞ்சீவ வீரவர்ண 2005இல் இணைந்து தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனி திறந்த மூலத்தை வைத்தே வளர்ந்து, 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. நிறுவனத்துக்கு விலைபோனது. என் கவலை வேறு. கடைக்கு மென்பொருள் செய்விக்கும்போது நாம் விலையையும் திகதியையும் பேசுகிறோம். சாமான் பட்டியலைக் கேட்பதில்லை. எந்தப் பாகம், எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பாகங்களின் பிரதி ஒன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். இணையத்தில் இன்று இருப்பது நாளை இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.

என் கடைக்கான புதிய மென்பொருளை அந்தத் தம்பியே செய்கிறார். பட்டியல் ஒன்றரைப் பக்கம் தந்திருக்கிறார். கடைசித் தவணைப் பணத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. மருமகனின் மடிக்கணினியை முழுதாக அழித்து, அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக் கட்டி ஓட்டிக் காட்டட்டும் என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.