கந்தாசிரமம் நோக்கிக் கால்நடையாக: அண்ணாமலையின் தவக்குகைகளும் காட்சிப் பாறைகளும்

மலையில் பிறந்து மலையில் வளர்ந்தோருக்கு மலை புதிதன்று. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பொழுது புலரும்போதே பனிமூட்டம் வாசற்படி வரை வந்து நிற்கும். சரிவில் ஏறுவதும் இறங்குவதும் இங்கு வாழ்வோருக்கு அன்றாட அலுவல். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறிப்பெழுதிய இம்மேட்டுநிலத்தில், 1929-இல் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகள் மிகுதி. கூடை சுமந்து நடந்த அப்பெருமக்களுக்குக் காட்சி மேடை தேடிப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. நின்ற இடமெல்லாம் காட்சியாகவே இருந்தது.

இத்தகைய மலைநாட்டு அன்பர்கள் தமிழகத் திருத்தல யாத்திரை மேற்கொண்டு திருவண்ணாமலையை அடையும்போது, “இது சிறு குன்றுதானே, ஒரே மூச்சில் ஏறிவிடலாம்” என்று எண்ணிவிடுவதுண்டு. கணக்குப்படி அவ்வெண்ணம் தவறன்று. அண்ணாமலையின் உயரம் 2,668 அடி, அதாவது ஏறத்தாழ 813 மீட்டர். தானா ராத்தா பட்டணத்துக் கடைத்தெருவே 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. பிரிஞ்சாங் மலையுச்சியோ 2,000 மீட்டரையும் தாண்டியது. ஆயினும் அண்ணாமலையின் கடுமை உயரத்தில் இல்லை, வெயிலில் இருக்கிறது. குளிரில் பழகிய உடம்பு, காலை பத்து மணிக்குக் கொதிக்கும் கருங்கல்லின்மீது வெறுங்காலுடன் நடக்கும்போதுதான் அந்த வேறுபாட்டை உணரும். இம்மலையில் செருப்பணிந்து ஏறுவதில்லை என்பது பல அன்பர்களின் நெறி. சிவபெருமான் இங்கு கோயிலுக்குள் மட்டும் எழுந்தருளியிருக்கவில்லை, மலையே சிவம் என்பது அவர்தம் நம்பிக்கை.

திருவண்ணாமலைக்குச் செல்லும் வெளிநாட்டு அன்பர்களில் பெரும்பாலோர் ஆலய தரிசனமும் கிரிவலமும் முடித்துத் திரும்பிவிடுகின்றனர். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதனை ஆட்டோவில் சுற்றி வந்து புண்ணியம் சேர்ப்போரும் உளர்; அது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது. ஆனால் மலையின் கீழ்ப்புறச் சரிவில் கால்நடையாக ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டால் காணக்கூடிய தவக்குகைகளைப் பற்றிப் பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வதேயில்லை.

செல்வதற்கு இரு வழிகள் உள்ளன. ஸ்ரீ ரமணாசிரமத்தின் பின்புற வாயிலிலிருந்து கல் பாவிய பாதை ஒன்று கந்தாசிரமத்துக்குச் செல்கிறது. மற்றொன்று, அண்ணாமலையார் கோயிலின் மேற்கு வாயிலான பேய்க்கோபுரத்தின் அருகிலிருந்து வீடுகளுக்கு இடையே புறப்பட்டு, குகை நமசிவாயர் சன்னிதி வழியாக விருபாட்ச குகைக்கு ஏறும் பழம்பாதை. ஆசிரமத்திலிருந்து ஏறிப் பேய்க்கோபுரத்தின் பக்கம் இறங்குவதே உத்தமம். செங்குத்தான பகுதியை இறக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம். ஏறும்போது அமைதியும் இறங்கும்போது கோபுர தரிசனமும் கிட்டும் என்பது மற்றொன்று.

கந்தாசிரமத்தை நெருங்குமிடத்தில் பாதையோரப் பாறைகளிலிருந்து கீழே நோக்கினால், ஒன்பது கோபுரங்களும் மதில்களும் திருக்குளங்களும் கோலம் வரைந்தாற்போல் தெரியும். கிழக்கே 217 அடி உயர ராஜகோபுரம் பதினொரு நிலைகளோடு நிமிர்ந்து நிற்கிறது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அத்திருப்பணியைத் தஞ்சை நாயக்க மன்னர் சேவப்பர் நிறைவு செய்தார். தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் கோபுரத்தை மேலிருந்து குனிந்து பார்க்கும் பேறு எல்லாத் தலங்களிலும் வாய்ப்பதில்லை. அருணகிரிநாதருக்கு அருள்செய்த முருகப்பெருமானின் கம்பத்திளையனார் சன்னிதியும் அந்த மதில்களுக்குள்தான் இருக்கிறது.

கந்தாசிரமம் என்ற பெயரைக் கேட்டவுடன் அது முருகப்பெருமானின் பெயரால் அமைந்தது என்றே பலரும் கருதுவர். உண்மையில் அது ஓர் அடியாரின் உழைப்பைக் குறிக்கும் பெயர். கந்தசாமி என்ற அன்பர் சப்பாத்திக்கள்ளி மண்டிய சரிவைத் தம் கைகளால் திருத்தி, கல்லடுக்கி, மண் சமன்செய்து இவ்விடத்தை உருவாக்கினார். காட்டுச் சரிவைத் தோட்டமாக்கிய மக்களின் வழிவந்தோருக்கு அவ்வுழைப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை இங்கு வாழ்ந்தார். அவருடைய அன்னையார் அழகம்மாளும் இங்குதான் மகனுடன் தங்கினார். அதுவரை நகரில் பிச்சையேற்று உண்டுவந்த அடியார் கூட்டத்துக்கு அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டவர் அந்த அம்மையாரே.

அவ்வன்னையின் வரலாறு நெஞ்சை உருக்குவது. திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில் ஒருவரிடமும் சொல்லாமல் மதுரையை விட்டுப் புறப்பட்டு, 1896 செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலையை அடைந்தார். மகன் இருக்குமிடம் அறிந்து 1898-இல் பவழக்குன்றுக்கு ஓடிவந்த தாய் பல நாள் அழுது அழைத்தும், அவர் வாய் திறக்கவில்லை; விதியின் வழியே எல்லாம் நடக்கும் என்னும் கருத்தை எழுதிக் காட்டினார். தாய் வெறுங்கையுடன் ஊர் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், மகனை அழைத்துப் போக முடியாதென்று தெளிந்து, தாமே மலையேறி வந்து தங்கினார். 1922 மே 19-ஆம் நாள் இரவு இக்கந்தாசிரமத்தில் அவர் உயிர் பிரியும் வேளையில், மகரிஷி ஒரு கையைத் தாயின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி அருகே அமர்ந்திருந்தார். அன்னையின் திருமேனி மலையடிவாரத்தில் சமாதி வைக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மகரிஷியும் கீழே இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். இன்றைய ரமணாசிரமம் அவ்வாறு தோன்றியதே.

கந்தாசிரமத்திலிருந்து படிகளில் இறங்கினால் விருபாட்ச குகை வரும். விருபாட்ச தேவர் என்னும் மகான் தவமிருந்து திருநீறாகவே ஆனதாகக் கூறப்படும் குகை இது. ஓங்கார வடிவில் அமைந்தது என்பர். இங்கே மகரிஷி 1899 முதல் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கோடையில் மட்டும் அருகிலுள்ள மாமரத்துக் குகைக்குச் செல்வார். பிச்சைக்குப் புறப்படும் அடியார்கள் பாடிச் செல்லுவதற்காக 108 கண்ணிகள் கொண்ட அருணாசல அட்சரமணமாலை பிறந்தது இக்குகை வாழ்வின்போதுதான். 1907 நவம்பரில் காவ்யகண்ட கணபதி முனிவர் இங்கே வந்து இளந்துறவியின் அடிபணிந்து, பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்ற திருநாமத்தைச் சூட்டினார். உள்ளே புகுந்து சற்று நேரம் அமர்ந்தால் வெளியுலக ஓசை அடங்கிவிடும். வெப்பம் மட்டும் அடங்காது. அதையும் சொல்லிவிடுவது நலம்.

தோட்டத்து மக்கள் இக்குகையருகே நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் நகரத்து ஏழைப் பெண்கள் விடியற்காலையில் மலையேறிப் புல்லும் விறகும் சேர்த்து, உச்சி வெயிலில் தலைச்சுமையுடன் இறங்கி வருவர். குலத்தின் பெயரால் கிணற்றடியில் ஒதுக்கப்பட்ட பெண்கள் அவர்கள். சுமையை இறக்கிவைத்துக் குனிந்து நின்று, முதுகில் தண்ணீர் ஊற்றுமாறு சுவாமியிடம் கேட்பர். சுவாமி அவர்களுக்காகவே தண்ணீர் சேர்த்துவைத்திருந்து முதுகில் ஊற்றுவார், குடிக்கவும் கொடுப்பார். கஞ்சியும் சுக்குமிட்டுப் பருகத் தருவார். பிற்காலத்தில் மகரிஷியே இதனை மகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்ததைச் சூரி நாகம்மாள் தம் கடிதங்களில் பதிவு செய்துள்ளார். அவர் சமாதியில் இருந்ததை எழுதிய நூல்கள் பல. ஆயினும் கூடை சுமந்து முதுகு காய்ந்தோர் வழிவந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரே பெரிதாகத் தெரியும்.

மலையில் நடப்பதில் மகரிஷிக்கு இருந்த விருப்பம் பெரிது. ஒருமுறை புதர் ஒன்றில் மறைந்திருந்த குளவிக்கூட்டில் அவர் தொடை தட்டிவிட, கூட்டைக் கலைத்தது தம் குற்றமே என்று கருதி, குளவிகள் கொட்டி முடிக்கும் வரை காலை அசைக்காமல் நின்றார் என்பது அவரது சரிதம். மலையில் செல்வோர் மலையின் உயிர்களுக்கு விருந்தினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தண்ணீர்ப் புட்டிகளையும் நெகிழிப் பைகளையும் பாறையிடுக்கில் எறிந்துவிட்டு வரும் நவீன யாத்திரிகர்களுக்குச் சொல்ல வேண்டியது அதுவே.

மலையின் பொறுமைக்கும் எல்லை உண்டு. லெம்பா பெர்த்தாம் மக்கள் அதனை மறக்க முடியாது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் விடியலுக்கு முன், பெருமழையில் ரிங்லெட் நீர்த்தேக்கம் நிரம்பி, சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சேற்று வெள்ளமாய்ப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மேலே சரிவுகளைத் திருத்திய மண் ஆண்டுக்கணக்கில் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்திருந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவிலும் மண் சரிந்தது. வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். செய்தியைப் படித்த பள்ளத்தாக்கு மக்களுக்கு அது தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றியிருக்காது.

அச்சரிவுக்குப் பன்னிரண்டு நாட்களே கழிந்து, டிசம்பர் 13-ஆம் நாள் கார்த்திகை தீபத் திருநாள் வந்தது. வல்லுநர் குழு மலையை ஆராய்ந்தபின், பொதுமக்கள் உச்சிக்கு ஏறத் தடை விதிக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து சென்ற குழுவினர் மட்டும் அனுமதிக்கப்பட்டனர். மரபுப்படி பருவதராஜ குலத்தவர் மகாதீபத்தை ஏற்றினர். ஆண்டுதோறும் மலையேறியே தீபம் கண்டு பழகியோர் மனம் வருந்தினர். வருத்தம் நியாயமே, ஆனால் தடையும் நியாயமே. தீபம் மலையுச்சியில் ஏற்றப்படுவது கீழே உள்ளோர் அனைவரும் காண்பதற்காகவன்றோ!

குகைகளைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் உச்சிக்கு ஏறத் துணியாமல், அவ்வப்போதுள்ள அனுமதி நிலையை உள்ளூரில் விசாரித்து நடந்துகொள்வது கடமை. பங்குனி சித்திரை வெயிலில் காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும். கற்பூரமோ தீக்குச்சியோ பாதையில் கொளுத்தலாகாது. 1980-களின் பிற்பகுதியில் மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் தன்னார்வலர்களும் வனத்துறையினரும் நட்டு வளர்த்த மரங்கள் இன்று நிழல் தருகின்றன. ஒரு தீப்பொறி பல ஆண்டு உழைப்பைக் கருக்கிவிடும்.

புறப்படுவதற்கு ஏற்ற காலம் மார்கழி, தை. காலை ஆசிரமத்தில் வழிபாடு முடித்து, வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியோர் ஊன்றுகோலுடன் செல்வது நலம். ஓய்வெடுக்கப் பாறைகள் வழிநெடுக உண்டு. கையில் பழம் வைத்திருந்தால் குரங்குகள் பறித்துவிடும், பைக்குள் மறைத்து வைக்கவும். கந்தாசிரமமும் விருபாட்ச குகையும் இருட்டும் முன்பே அடைக்கப்பட்டுவிடும். உள்ளே பேச்சு கூடாது. குழுவாகச் செல்வோர் தலைக்கு ஒரு புட்டித் தண்ணீர் எடுத்துச் சென்று, காலிப் புட்டியை மறவாமல் கீழே கொண்டு வரவும். பேய்க்கோபுரத்தருகே இறங்கியதும் ஆலயத்தின் மேற்கு வாயில் எதிரிலேயே இருக்கும். உச்சிக்காலப் பூசைக்கு முன் சேர்ந்துவிட்டால் அண்ணாமலையாரையும் உண்ணாமுலை அம்மையையும் அன்றே தரிசிக்கலாம்.